கப்பியார் கண்ட மஞ்சள் வெளிச்சம்

நோயாளி இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் சோசம்மா முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்ப்பாள். குதிகால் சிவந்து கிடந்தால் அந்த ஆளை யாரும் புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் நாக்கு. அதற்கப்புறம்தான் "ஈசோவுக்குத் தோத்திரம்" என்று சொல்லி முகத்தைப் பார்ப்பாள்.

கணவனை மீனச்சிலாற்று வெள்ளம் கொண்டுபோன பிறகு, மடத்து ஆசுபத்திரியில் படுக்கைத்துணி மாற்றும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கன்னியாஸ்திரிகள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கைக்கு வந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காரவைத்துத்தான் எழுப்ப வேண்டும். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கிற மருந்து வயிற்றைக் கட்டிவிடும். இளக்குகிற மருந்தையும் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். இப்படி எத்தனையோ. ஆசுபத்திரியை மூடியபின் ஹோம் நர்ஸ் ஆகி, வீடு வீடாகப் போய்த் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள்.

பைலி அப்பச்சன் வீட்டுக்கு அவள் வந்தது ஒரு கிறிஸ்துமஸ் கழிந்த சமயம். பைலி அந்த ஊர்த் தேவாலயத்தில் ஆயுசு முழுக்கக் கப்பியாராக இருந்தவர். மணி அடிப்பது, பலிபீடத்து விளக்கேற்றுவது, குழி வெட்டுகிற நாளில் மண்வெட்டி எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அவர்தான். இப்போது இருதயம் பலவீனமாகிக் கால் இரண்டும் நீர் கோத்து வீங்கியிருந்தன. மகன் வர்க்கிச்சனும் மருமகள் ரோசம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றில் இரண்டு மாத்திரைகள் முக்கியமானவை. ஒன்று இருதயத்துக்கு, கடுகுபோலப் பொடிசாக இருக்கும். மற்றது நீர் இறங்குவதற்கு. பொடி மாத்திரையைக் கொடுக்கும்முன் ஒரு முழு நிமிஷம் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும், அறுபதுக்குக் குறைந்தால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோசம்மா அதை ஜெபம் போலவே செய்துவந்தாள். அவள் எண்ணும்போது பைலியும் வாய்க்குள் கூடவே எண்ணுவார். "எனக்கு எழுபத்திரண்டு வந்துச்சு, உனக்கு?" என்று கேட்டு, அவள் எழுபது என்றால், "ரெண்டை நீ முழுங்கிட்டே" என்பார்.

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின அம்பது நோன்பு வந்தது. இறைச்சி, மீன், பால் எல்லாம் எல்லாரும் விடுவதுதான். பைலி பழத்தையும் காய்கறியையும்கூட விட்டுவிட்டார். வெறும் கஞ்சி, அதுவும் ஒரு வேளை. சோசம்மா கெஞ்சிப் பார்த்தாள். படுத்த படுக்கையில் கர்த்தருக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது, கொண்டுவந்த பழத்தைத் திரும்ப எடுத்துப்போனாள். அவளும் நோன்பிருக்கிறவள்தான்.

நோன்பின் நடுவில் அவளுடைய அக்காள் இறந்துபோனாள். ரோசம்மாவிடம் மாத்திரைகளைக் காட்டி, நாடி பார்க்கிற விதத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு சோசம்மா மலைமேலிருந்த அக்காள் ஊருக்குப் போனாள். அடக்கமும் காரியங்களும் முடித்துச் சில நாள் கழித்துத் திரும்பினால், பைலி வீட்டு முற்றம் நிறையச் செருப்பு.

ஆள் போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். உள்ளே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. பைலி தலையணையில் சாய்ந்து, இயேசுவின் திருஇருதயப் படத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒட்டியிருந்தது, ஆனால் அவ்வளவு சமாதானமான முகத்தை அவள் அதற்குமுன் அந்த வீட்டில் கண்டதில்லை. விளக்கைச் சுற்றிப் பொன் வளையம் தெரிகிறதாம் அப்பச்சனுக்கு. சாப்பாட்டை அறவே வெறுத்துவிட்டாராம். பெரிய வெள்ளிக்கு முன்னால் கர்த்தர் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று அவரே சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் ரோசம்மா கண்ணீரோடு அவள் காதில் சொன்னாள்.

சோசம்மாவும் முழந்தாள் போட்டாள். ஆயுசெல்லாம் விளக்கேற்றினவருக்கு அந்த விளக்கிலேயே கர்த்தர் தரிசனம் கொடுத்தால் அதில் என்ன ஆச்சரியம் என்றுதான் அவள் மனமும் சொன்னது. பக்கத்தில் கிடந்த அவர் கையைப் பிரியத்தோடு பற்றிக்கொண்டாள். பற்றின விரல் தானாக நாடிக்குப் போயிற்று.

நாடி தயங்கித் தயங்கி, நொண்டிக்கொண்டு வந்தது. முழு நிமிஷத்துக்கு ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

அவள் இன்னொரு தடவை எண்ணினாள். மடத்து ஆசுபத்திரியில் இதே பொடி மாத்திரை அளவு மிஞ்சிப்போய், ஒருவர் வாந்தியும் மயக்கமுமாகப் பார்க்கிறதெல்லாம் மஞ்சள் என்று புலம்பினதை அவள் பார்த்திருக்கிறாள். வளையம் விளக்கைச் சுற்றி மட்டும் இருக்கட்டும், கர்த்தாவே, வேறெங்கும் இருக்க வேண்டாம் என்று உள்ளுக்குள் மன்றாடினாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து அவர் முன்னால் பிடித்தாள்.

"அப்பச்சா, இந்தக் கஞ்சி என்ன நிறமா இருக்கு?"

"மஞ்சளா இருக்கு. மஞ்சள்பொடி போட்டியா மோளே?"

"என் முண்டு?"

அவள் துவைத்து நீலம் போட்ட வெள்ளை முண்டு கட்டியிருந்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதுவும் மஞ்சள்தான். சுவரும்தான். எங்கேயும் அவர் வெளிச்சம்தானே."

சோசம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வர்க்கிச்சனை வெளியே கூப்பிட்டாள். பட்டினியில் நீர் மாத்திரையும் சேர்ந்து உடம்பின் சத்தை இறக்கிவிட்டது, அதனால் பொடி மாத்திரை விஷமாக ஏறியிருக்கிறது, டாக்டருக்குப் போன் பண்ணி உடனே வண்டி பிடிக்க வேண்டும் என்றாள். நாடி பார்த்தாயா என்று வர்க்கிச்சன் கேட்க, ஆள் ஜெபத்தில் இருக்கும்போது கையைப் பிடித்து எண்ணத் தோன்றவில்லை என்று ரோசம்மா அழுதாள். ஜெபத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அன்னக்குட்டிக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனக்கு வேலை போயிடும்னு பயமா சோசம்மா? நல்ல மரணம் வர்றதைத் தடுக்கிறியே. இத்தனை வீட்டுல கழுவித் தொடைச்சியே, உன்னை ஒரு புனிதராவது எட்டிப் பார்த்தாரா?"

"பார்க்கலை சேச்சி," என்றாள் சோசம்மா.

வர்க்கிச்சன் போனை எடுத்தான். டாக்டர் இரண்டே வார்த்தையில் கூட்டிவரச் சொன்னார். ஆனால் பைலி வரமாட்டேன் என்றார். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். மகன் தூக்கப் போனபோது சோசம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மறைத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. மருந்து கூடிப்போனால் கண்ணில் மஞ்சள் படரும், சோறு வெறுக்கும், அப்புறம் இருதயம் நின்றுவிடும் என்று நிதானமாகச் சொன்னாள்.

பைலி திருஇருதயப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அவர் வரலையா?"

"அது எனக்குத் தெரியாது அப்பச்சா. உங்க நாடி குறைஞ்சு கெடக்கு. அதுதான் எனக்குத் தெரியும்."

அவர் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

ஆசுபத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து அதையேதான் சொன்னார்கள். பொடி மாத்திரையை நிறுத்தி நரம்பு வழியாகச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாடி ஏறியது, பசி வந்தது. ஒரு காலையில் படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்து, "வெள்ளை," என்றார் பைலி. அதைச் சொல்லிவிட்டு அழுதார். சோசம்மா கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் அவளோடு பேசவில்லை. குளிப்பாட்டினால் குளித்தார், புரட்டினால் புரண்டார். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்த மாத்திரைக்காக அவள் நாடி பிடிக்கும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உதடு அசைவதில்லை. அவள் தனியாகவே எண்ணினாள். காப்பாற்றினதற்காக அந்த வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒருவருடைய வீட்டில் புகுந்து எதையோ எடுத்துவிட்டவள் போலத்தான் அந்தப் பாஸ்கு நாட்கள் அவளுக்குக் கழிந்தன.

பாஸ்கு கழிந்து ஒரு மதியம் அவரே கேட்டார்.

"அன்னைக்கு நீயும் முட்டி போட்டியே. எதுக்கு?"

"எனக்கும் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அவர் கஞ்சியில் கொஞ்சம் மோர் விடச் சொன்னார். அன்றிலிருந்து பேச்சு வந்தது. பழைய கேலி மட்டும் வரவில்லை.

வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசித் துலா மழையும் பார்த்துவிட்டு, மழை விட்ட ஒரு சாயங்காலம் பைலி போனார். இந்தத் தடவை மருந்தின் தவறில்லை, இருதயமே ஓய்ந்துவருகிறது என்று காலையிலேயே டாக்டர் வந்து சொல்லிப் போயிருந்தார். கடைசி நேரத்தில் சோசம்மா அவரை மூச்சுக்கு எளிதாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. எங்கேயோ நிலைத்திருந்தது. எதையாவது பார்க்கிறாரா கேளேன் என்று ரோசம்மா அவள் தோளைத் தொட்டாள்.

சோசம்மா கேட்கவில்லை. பஞ்சை மறுபடி நனைத்தாள்.