நன்றி சொல்லாத நாலு நாள்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். தையல்காரர் மகள். அப்பா மெஷினை மிதிக்க மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் அளப்பாள். ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்தது என்று அவளைத்தான் கடல் தாண்டித் தனியாக அனுப்பினார்கள்.

போன இடத்தில் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பதென்றால் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பாள். அதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு மாதம் அவள் மனம்விட்டுப் பேசியது ஆண்டவனிடமும் போனில் அம்மாவிடமும்தான்.

ஒருநாள் விடுதியில் துணி துவைக்கும் மெஷினின் கதவு திறக்காமல் அழாக்குறையாக நின்றாள். பக்கத்து அறைப் பெண் வந்து முழங்காலால் ஓர் இடி இடித்துத் திறந்துவிட்டாள். அந்த நாட்டுப் பெண். வாசற்படியில் குனிந்து வருகிற உயரம். நம்மவள் அவளுக்கு நெட்டை என்று பேர் வைத்தாள். அர்த்தம் கேட்டுச் சிரித்தவள், அப்படியே கூப்பிடச் சொன்னாள். அன்றைக்கு மட்டும் வாயாடி ஏழு தடவையாவது நன்றி சொல்லியிருப்பாள்.

"தப்பாப் பேசு, ஆனா பேசு" என்று நெட்டை விரட்டி விரட்டிப் பேச வைத்தாள். அடுத்த மாதமே வாயாடி வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டாள். நெட்டையின் கோட்டு கிழிந்தபோது இவள் தைத்த இடமே தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்து வெளியே ஒரு மாடி அறை எடுப்பதென்று பேச்சு. இன்னொரு வருஷம் தனியாக என்றால் படிப்பே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதவளுக்கு அந்த அறை ஒன்றுதான் தெம்பு.

அப்புறம் காய்ச்சல் வந்தது. நாலு நாளும் நெட்டை சூப்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் நாள் நன்றி என்று வாய்வரை வந்தது. வாயாடி அதை விழுங்கிவிட்டாள். கூடப் பிறந்த அக்காவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? சொன்னால், "ஏன்டி, நான் என்ன மூணாம் மனுஷியா?" என்று கோபித்துக்கொள்ள மாட்டாளா? நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, சிரித்தபடி, "உப்பு கம்மி நெட்டை" என்றாள். இப்படிச் சொல்கிற அளவுக்கு உரிமை வந்துவிட்டதே என்று மனசு குளிர்ந்தது.

நெட்டை சிரிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் நெட்டைக்கு எப்போதும் வேலை இருந்தது. ஒரு மாலை வாயாடி மாடி அறையைப் பார்க்கத் தானே போனாள். வீட்டுக்காரம்மா, "அந்த உசரமான பொண்ணும் இன்னொரு பொண்ணும் கையெழுத்துப் போட்டுட்டாங்களே" என்றார்.

வாயாடி நேரே நெட்டையிடம் போய்க் கேட்டாள். அவள் வெடித்தாள். பேசியது அந்த ஊர்ப் பாஷைதான். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"நான் என்ன உன் வேலைக்காரியா? யாரோ கதவைப் பிடிச்சா நன்றி சொல்றே, பேனா குடுத்தா நன்றி சொல்றே. நாலு நாள் சமைச்சுக் கொண்டு வந்தேன், ஒரு வார்த்தை வரல. உப்பு கம்மின்னு குறை வேற."

"எங்க வீட்டுல நெருங்கினவங்களுக்கு நன்றி சொல்ல மாட்டோம். சொன்னா விலக்கி வச்ச மாதிரி."

"உலகத்துக் கதையெல்லாம் சொல்லுவியே! இதை ஏன் சொல்லல?"

அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே வாயாடிக்குத் தெரியாதே! அதையே சொன்னாள். நெட்டையின் குரல் இறங்கியது. "இப்ப புரியுது. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

அம்மா போனில் கேட்டாள்: "அந்த ஒட்டகச்சிவிங்கி இப்படிப் பண்ணிட்டாளே! வந்துடறியாடி?"

"அவளைத் திட்டாதம்மா. எவ்வளவோ பேசினேன், இதைப் பேசல. நான் படிச்சு முடிச்சுட்டே வரேன்."

"அழறியா?"

"மூக்கு அடைச்சிருக்கு."

நெட்டை அறையைக் காலி செய்த அன்று நாலு பெட்டி. வாயாடி வலியப் போய் ஒரு பக்கம் பிடித்தாள். ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி வைத்ததும் நெட்டை மறக்காமல் நன்றி சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள், பாவம். ஒவ்வொன்றும் வாயாடிக்கு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. நாலாவது தடவை, அந்த ஊரார் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரியே, "பரவாயில்லைங்க" என்றாள்.