இடக்கண் நீர்

மார்கழிக் காலை ஒன்றில் கொப்பளித்த நீர் உதட்டின் இடக்கோடியில் தானே வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியின் இடப்பாதி சுருங்கவில்லை, இடக்கண் மூடவில்லை, சிரிக்க முயன்றால் வாய் வலப்புறம் இழுத்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் இறுதி அது. மனைவி முந்தைய ஆண்டு காலமாகியிருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மேசையைக் கவனித்துக்கொண்டு ஓர் அறையில் தனியே வாழ்ந்தேன். கோணிய முகத்தைக் கண்டு திடுக்கிடவும் அங்கே ஒருவர் இல்லை.

எனக்கு வந்த அச்சம் முகத்தைப் பற்றியதன்று, பாட்டைப் பற்றியது. கார்த்திகை நட்சத்திரந்தோறும் எங்கள் நெசவுச் சமூகத்தார் முருகன் கோயில் மண்டபத்தில் கூடிச் சந்தப் பாடல்கள் பாடுவது வழக்கம். வலத்தோள் சுவரில் படும்படி முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்து முதலடி எடுப்பவன் நான். அந்தப் பாடல்களில் உதடோ நாக்கோ ஒரு நொடி பின்தங்கினாலும் தாளம் கவிழ்ந்துவிடும்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டர், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மெல்லத் திரும்பும் என்றார். உப்புநீரில் நனைத்த துணி சுற்றிய உலோகத் தகட்டைக் கன்னத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். மாதங்கள் சென்று உதடு அசைந்தது, கண் மூடியது. ஆனி மாதத்துக் கார்த்திகையன்று மீண்டும் முதலடி எடுத்தேன். இழந்ததெல்லாம் வந்துவிட்டது என்று அன்று நினைத்தேன்.

பாட்டு முடிந்து பந்தியில் அமர்ந்து புளிச்சோற்றை ஒரு கவளம் வாயில் இட்டதும் இடக்கண்ணிலிருந்து நீர் கொட்டத் தொடங்கியது. மனத்தில் துயரம் இல்லை, உருக்கமும் இல்லை. மென்று விழுங்கும்வரை வழிந்தது. கையை நிறுத்தினால் நின்றது. எதிரே எங்கள் கூட்டத்தின் தலைவரான நூல் வியாபாரி இருந்தார். அவர் கவளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பாருங்க, சோத்துலயும் முருகனைக் காணுறாருங்க!"

"இல்லீங்க, இது நரம்புக் கோளாறுங்க" என்றேன்.

"அட, அடக்கத்தைப் பாருங்க! அடியாருன்னா இப்புடித்தானுங்க சொல்லுவாங்க. நானா இருந்தா ஊரெல்லாம் தண்டோராப் போட்டிருப்பனுங்க."

வரிசை சிரித்தது, சிரித்துவிட்டுக் கைகூப்பியது. அடுத்த கார்த்திகையில் பந்தியின் தலைப்பில் எனக்குத் தனி இலை போட்டார்கள். ஓர் அம்மாள், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று என் கையால் திருநீறு கேட்டார். நான் மறுக்க மறுக்க அவர்கள் பணிவு கூடியது.

நெஞ்சு நெக்குருகிக் கண்ணீர் பெருகுதலே அன்பின் அடையாளம் என்று வாழ்நாளெல்லாம் பாடி வந்தவன் நான். மனைவியின் சிதைக்கு முன்னும் சன்னதிக்கு முன்னும் என் கண் கலங்கியதில்லை. இப்போது புளிப்புக்குச் சுரந்த நீரை வைத்து என்னை வணங்கினார்கள். அத்தனை பேர் நடுவே நான் யாரென்று அறிந்தவர் எவரும் இல்லை.

மறுபடியும் டாக்டரிடம் போனேன்.

"நரம்பு திரும்ப வளர்றப்ப வழி மாறிருச்சுங்க. எச்சி ஊறச் சொல்லிப் போற நரம்பு கண்ணீர் ஊறுற எடத்துல போய்ச் சேர்ந்திருச்சு. 'ஓ'ன்னு வாயைக் குவிச்சா கண்ணு சுருங்குதுங்களா? அதுவும் இதே கதைதானுங்க."

சுருங்கத்தான் செய்தது. அதற்கு ஒரு பயிற்சி சொன்னார். கண்ணாடி முன் அமர்ந்து, கண்ணைத் திறந்தபடியே வைத்து, உதட்டைச் சிறிதளவு, மிக மெதுவாகக் குவிக்க வேண்டும். வலுவாகக் கோணினால் தவறு இன்னும் பதிந்துவிடும். கண்ணீருக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

மாத்திரை வேலை செய்தது. கண் வறண்டது, அதனோடு வாயும் வறண்டது. அந்தக் கார்த்திகையில் சந்தத்தின் இரண்டாம் அடியிலேயே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தும் பயனில்லை. வேறொருவர் பாட்டை எடுத்து முடித்தார்.

"கண்ணு மட்டும் காயணும், வாய் காயக்கூடாதுன்னா இந்த மருந்துல முடியாதுங்க" என்றார் டாக்டர். "காதுக்குள்ள ஒரு ஆப்பரேசன் சீமையில பண்றாங்களாம், நம்ம பக்கத்துல யாரும் தொடமாட்டாங்க. ஏனுங்க, ஒரு கண்ணு அழுதுட்டுப் போகட்டுமே, என்னங்க கஷ்டம்?"

"அழறது நானில்லீங்களே."

அவர் கைவிளக்கை எடுத்து என் இடக்கண்ணைப் பார்த்தார். பிறகு, "நெசமா அழுகை வந்தா அந்தக் கண்ணு அழுவுமான்னும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

மாத்திரையை நிறுத்தினேன், பந்தியையும் நிறுத்தினேன். பாட்டு முடிந்ததும் பிரசாதத்தைத் தூக்குப்போசியில் வாங்கிவந்து, என் அறையில் சுவரைப் பார்த்தபடி உண்டேன். துடைக்கத் துண்டு மடியில் இருக்கும். பந்திக்கு வராததைக் கடும் விரதம் என்று ஊர் பேசிக்கொண்டது. காலையில் கண்ணாடி முன் அமர்ந்து, சந்தத்தின் ஓகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உதட்டில் மெல்ல வைத்துப் பழகினேன். கண் சுருங்குவது மாதங்கள் போகப்போகக் குறைந்தது, முற்றும் நீங்கவில்லை.

தைக் கார்த்திகையன்று, சந்தங்கள் முடிந்தபின், யாரோ பின்வரிசையிலிருந்து ஒரு மெதுவான பாட்டைக் கேட்டார். விளக்கேற்றியதும் என் மனைவி கேட்கும் பாட்டு அது. அவள் போனபின் நான் அதைத் தொட்டதில்லை. முதலடி எடுத்தேன். மூன்றாம் அடியில் குரல் தடுமாறியது; வலக்கன்னத்தில் ஈரமாக ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தாளம் தட்டிய கையை நான் எடுக்கவில்லை. பாடி முடித்தேன்.

இடப்பக்கம் அமர்ந்திருந்த நூல் வியாபாரி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னங்க சாமி, இன்னிக்குக் கண்ணு காஞ்சு கெடக்குதுங்களே! முருகன் கோவிச்சுக்கிட்டாருங்களா?"

"இருக்குமுங்க" என்றேன்.

வலப்பக்கம் சுவர்தான் இருந்தது.