வேலூரில் இரண்டு வார்த்தை பேசப் போய்

வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மாதம் ஒரு முறை பொதுமக்களுக்காகக் கூட்டம் நடத்துகிறார்கள். முதலில் வரலாறோ மொழியோ பற்றி ஒரு சொற்பொழிவு. அடுத்து, ஓர் எழுத்தாளர் தன் கதையைத் தானே வாசிப்பார். அனுமதி இலவசம். ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று இந்த வலைப்பூவின் வாசகர்கள் சிலர் கேட்டிருந்ததால் போன சனிக்கிழமை போய்வந்தேன். முடியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நல்ல பயணமாகவும் இருந்திருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அவர்கள் பெயர் எதற்கு?

காலை எட்டு மணிக்கு ஓசூரில் வேலூர் பஸ் ஏறினேன். தூரம் ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் வேலை நடப்பதால் கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ் ஊர்ந்துதான் போகிறது. வாணியம்பாடி நெருங்கும்போது தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை உள்ளே வரும். ஜன்னலைச் சாத்துகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், நானும் சாத்தினேன். ஆம்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிட்டேன். பதினொன்றரைக்குள் போய்விட்டால் கூட்டம் கம்மி. கத்தரிக்காயை மறக்காமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து வேலூர் ஒன்றேகால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு.

கூட்டம் மூன்று மணிக்கு. ஆற்காட்டின் பழைய கதைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார், அருமையான பேச்சு. பிறகு டீயும் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவும் கொடுத்தார்கள். நாலரைக்கு ஷமீம் என்கிற பெண் எழுத்தாளர் கதை வாசிக்க வேண்டும். வாணியம்பாடியில் பள்ளிக்கூட டீச்சர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு அப்போதுதான் வந்திருந்தது. மேடையில் ஏறி வாசிப்பது இதுவே முதல் தடவை. முன்வரிசையில் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், துவைத்த வெள்ளைச் சட்டையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷமீமின் அப்பா.

கூட்டத்தை நடத்துகிற கிரேஸ் மேடம் இந்த வலைப்பூவைப் படிக்கிறவராம். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார் கீழ உக்காந்துட்டீங்க? மேல வாங்க. ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க, ஷமீமுக்கும் சந்தோஷமா இருக்கும்."

வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. சால்வை போட்டார்கள், ஷமீமின் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள், மைக்கைக் காட்டினார்கள். நம் ஊரில் மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் இரண்டே வார்த்தை பேசி இறங்கிய மனிதனை நான் பார்த்ததில்லை. என்னையும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "இதில் முதல் கதையின் கடைசி வரி இருக்கிறதே, அதை வாழ்நாளில் மறக்க முடியாது" என்றேன். புத்தகம் என் கைக்கு வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் பிரித்தும் பார்க்கவில்லை. ஏன் சொன்னேன்? மேடையில் ஏறினால் வாய் தானாக அப்படித்தான் போகிறது. அப்புறம் என் பயணங்களுக்கு வந்தேன். ஹம்பிக்குப் போனது, ராமேஸ்வரத்தில் செருப்பைத் தொலைத்தது. பின்வரிசை மாணவர்கள் கை தட்டினார்கள். உற்சாகமாகிவிட்டது, காசிக்குப் போனேன். மறுபடி பலமாகத் தட்டினார்கள். காசியிலிருந்து ஹரித்வாருக்கும் போய்விட்டேன்.

பேசி முடித்தபோது ஐந்து இருபதைத் தாண்டியிருந்தது. ஐந்தரைக்குப் பல்கலைக்கழக பஸ் கிளம்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதை விட்டால் மாணவர்களுக்கு ஊர் போய்ச் சேருவது பேஜார். ஷமீம் எழுந்து வந்து மைக்கைத் தாழ்த்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நான்கைந்து வாக்கியம் வாசித்திருப்பார். வெளியே ஹாரன் அடித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் குனிந்தபடி வெளியேறினார்கள். ஷமீம் இன்னும் ஒரு வாக்கியம் வாசித்துவிட்டு, "நன்றி" என்று புத்தகத்தை மூடினார். அவருடைய அப்பா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார், அடுத்து ஏதோ வரப்போகிறது என்பதுபோல.

வாசலில் எனக்கு முன்னால் போன மாணவன் நண்பனிடம் சொல்லிக்கொண்டு போனான்: "ரெண்டு தடவ தட்டினோம்டா, உக்காரவே மாட்டேன்றாரு."

கைதட்டலுக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாததா? எத்தனை கூட்டத்தில் நானே தட்டியிருக்கிறேன்! எனக்கென்று தட்டியபோது புரியவில்லை. சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

யார் முகத்திலும் விழிக்காமல் ஊர் போய்ச் சேர நினைத்தேன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறி உட்கார்ந்த, வாணியம்பாடி, ஓசூர் வழியாகப் போகிற பெங்களூர் பஸ்ஸில் ஷமீமும் அவருடைய அப்பாவும் ஏறினார்கள். ஷமீம் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்மணியோடு உட்கார்ந்தார். பெரியவர் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"நல்லா பேசினீங்க சார். பசங்க எவ்ளோ கை தட்டினாங்க!"

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலையாம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். "எனக்கு உருதுதான் சார் படிக்க வரும். தமிழு பேசறதோட சரி. இது எழுதறது எல்லாம் புஸ்தகத்துல இருக்குது, நான் அட்டையத்தான் பாத்துக்கினு இருக்கேன். வூட்ல படிச்சிக் காட்டுன்னா வெக்கப்படுது. சரி, மைக்ல படிச்சா கூட்டத்துல ஒருத்தனா உக்காந்து கேட்டுட்டு வந்துடலாம்னுதான் வந்தேன்."

அவர் கேட்க வந்த நேரத்தில்தான் நான் ஹரித்வாரில் இருந்தேன்.

பள்ளிகொண்டா தாண்டியதும் பெரியவர் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"மொதல் கதையோட கடைசி வரிய மறக்கவே முடியாதுன்னீங்களே. இன்னா சார் அது?"

முன் சீட்டில் ஷமீமின் தலை அசையவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புத்தகம் பையில் இருந்தது, பை என் மடியில் இருந்தது. படிக்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மேடையில் அவ்வளவு பேசிய வாய்க்கு அது வரவில்லை.

"சட்டுன்னு ஞாபகம் வரல, பாய்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். என் முழங்காலைத் தட்டினார். "ஜாஸ்தி படிக்கிறவங்களுக்கு அப்டித்தான் சார், மறந்துபூடும்."

ஷமீம் அப்போதுதான் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. "அப்பா, சார் களைப்பா இருக்காரு. தூங்கட்டும், உடுங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாணியம்பாடியில் அவர்கள் இறங்கும்வரை திறக்கவில்லை. இறங்கும்போது பெரியவர் ஷமீமிடம் மெதுவாக, "எழுப்பாத" என்று சொன்னது கேட்டது.

இரண்டு நாள் கழித்து கிரேஸ் மேடத்துக்குப் போன் போட்டு, ஷமீமுக்கு இன்னொரு கூட்டம் வைக்க முடியுமா என்று கேட்டேன். வைக்கலாம் என்றார். ஆனால் ஷமீம் பிடிகொடுக்கவில்லையாம். அப்பாவுக்கு மறுபடி லீவு கிடைப்பது கஷ்டம் என்றாராம்.

போக நினைப்பவர்களுக்கு: பிரியாணியை ஆம்பூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டே முக்காலுக்கு அரங்கத்தில் இருங்கள். திரும்பும்போது பல்கலைக்கழக பஸ்ஸிலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஏற்றிக்கொள்கிறார்கள், கேட்டால் போதும். மேலே கூப்பிட்டால் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், முதல் கைதட்டலிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

ஓசூர் வந்து சேர்ந்ததும் அந்த முதல் கதையைப் படித்தேன். கடைசி வரி உண்மையிலேயே மறக்க முடியாததுதான். என்ன வரி என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். பெரியவர் இன்னும் அதைக் காதால் கேட்கவில்லை.