புகைக்குழாய் குத்த முந்நூறு வோன்

அடுப்பு மூட்டிய அறையில் தோக்பே படுக்கமாட்டார். ஜனவரிக் குளிரில் இஞ்சோன் துறைமுகத்துத் தண்ணீர் ஓரமெல்லாம் உறைந்து கிடக்கும்போதும், மீன்சந்தைக்குப் பின்னால் இருந்த தன் அறையில் மூன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு சில்லிட்ட தரையில்தான் கிடப்பார். போர்க்காலத்தில் வடக்கேயிருந்து படகேறித் தனியாக வந்தவர். ஊரிலுள்ள தரைகளெல்லாம் சூடாக வழி செய்கிற ஆள் தான் மட்டும் ஏன் இப்படி விறைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

"நான் கதவை உடைச்சுப் பார்த்த அறைகளை நீ பார்க்கலையே தம்பி" என்றார் தோக்பே.

எங்கள் குன்றில் ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மூன்று வீடுகளில் அது நடக்கும். அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டுத்தான் நாங்கள் அறையைச் சூடாக்குவோம். ராத்திரி முழுக்கக் கரி வில்லை கனிந்துகொண்டிருக்கும். தரைக்கடியில் ஓடும் புகை வெளியேற வழியில்லாமல் விரிசல் வழியே அறைக்குள் கசியும். நிறமில்லை, வாசனையில்லை. தூங்கினவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். கதவை உடைக்க அக்கம்பக்கத்தார் ஓடுவது தோக்பேயிடம்தான்.

அக்டோபர் பிறந்தால் தோளில் சுருட்டிய மூங்கில் பட்டை, அதன் நுனியில் தூரிகை, கையில் சின்ன வெண்கலத் தாளத்தோடு குன்று ஏறுவார். "குத்தி எடுக்கணுமா... அடைப்பு எடுக்கணுமா..." ஒரு குழாய்க்கு முந்நூறு வோன். அந்தக் காசுக்குப் பதினைந்து கரி வில்லை வாங்கலாம் என்பதால் பேரம் பேசாத வீடு கிடையாது. அவர் பேரம் பேசமாட்டார். பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வேலையைத் தொடங்குமுன் ஒரே கேள்வி கேட்பார்: "இந்த அறையில யாரு படுக்குறது?"

குன்றில் எங்களுக்கு மேலே இருந்த வீட்டில் மால்யோ என்ற விதவை இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் மகன் கிச்சோல் பக்கத்து அறையில் படுத்தவன் காலையில் எழவில்லை. பெருங்குடிகாரன், குடித்தே செத்தான் என்று எல்லோரும் சொன்னோம். அவன் மனைவி யோன்சில் அதற்கு முந்தின நாள்தான் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய கூந்தல் முழங்காலைத் தொடும். சவுரிக்கு முடி வாங்குகிறவனிடம் கிச்சோல் அந்தக் கூந்தலை விலை பேசி முன்பணம் வாங்கிக் குடித்துவிட்டான் என்று தெருவே பேசியது. அந்தச் சாவுக்குப் பிறகு மால்யோ அறையைப் பூட்டிவைத்தாள். கையில் காசு தீர்ந்த பிறகுதான், அந்த இலையுதிர்காலத்தில், நூற்பாலையில் இரவு வேலை பார்க்கும் கும்ஜாவுக்கு அதை வாடகைக்கு விட்டாள்.

கும்ஜா பகலில் தூங்குகிறவள். மூன்றாவது வாரம் வெளிறிய முகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, என் அறையில ஒரு பொம்பளை இருக்கா."

"யாருடி?"

"தெரியல. அடுப்புப் பக்கத்து மூலையில முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்து தலை வாரிக்கிட்டே இருக்கா. சீப்பு சத்தம் நல்லா கேக்குது. எழுந்திரிக்கலாம்னா கை கால் வரமாட்டேங்குது."

எனக்கு யோன்சில்தான் நினைவுக்கு வந்தாள். அவள் பெயரைக்கூட கும்ஜா கேள்விப்பட்டதில்லை. தலை வெடிக்கிறது என்றாள். கரிப்புகைக்குக் கைமருந்தான முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீர் ஒரு கிண்ணம் குடிக்கக் கொடுத்தேன். தலைவலி கொஞ்சம் இறங்கியது. பிறகு மேலே போய் மால்யோவிடம் சொன்னேன். கேட்டதும் அவள் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"கூந்தல் எம்மாம் நீளம்னு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே சாமியாடும் பெண்ணை வரவழைத்தாள். பன்றித் தலை, அரிசிப் பிட்டு, மேளம் எல்லாமாக எட்டாயிரம் வோன். கடன் வாங்கித்தான் செய்தாள். அரை நாள் ஆடிவிட்டு, வந்தவள் போய்விட்டாள் என்று சாமி சொன்னது. நான்கு நாள் கழித்து கும்ஜா மறுபடியும் வந்தாள்.

"இப்போ பாட்டு முனகுறா அக்கா. இன்னைக்குப் பாதி திரும்பிட்டா. காது தெரிஞ்சுது."

அப்போதுதான் கீழே தாளச் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் தோக்பேயை அழைத்துவந்தேன். மால்யோ வாசலிலேயே மறித்தாள்.

"இங்க வேண்டாம்ப்பா. புகை நல்லாத்தான் போகுது. முந்நூறு வோன் எங்கிட்ட ஏது?"

"ஏம்மா, சாமியாட எட்டாயிரம் இருந்துச்சு, இதுக்கு இல்லையா?" என்றேன்.

"உன் வேலையைப் பாருடி!"

"நான் குடுக்குறேன் அண்ணே" என்றாள் கும்ஜா. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோக்பே அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அந்த அறையில படுக்குறது நீதானா?"

"ஆமாண்ணே."

அவர் நேரே வீட்டின் பின்புறம் போனார். மால்யோ முந்திக்கொண்டு ஓடி, புகைக்குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்த சுட்டமண் குழாய், கை சுடும். அவள் விடவில்லை. தோக்பே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மூங்கில் மூன்று முழம் இறங்கியதும் நின்றது. அவர் குழாய்க்கு அருகே காதைக் கொண்டுபோய், பட்டையை மெல்ல முறுக்கினார். இழுத்தபோது ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். தூரிகையோடு வெளியே வந்தது கூந்தல். கருகாத, கரியெண்ணெய் படிந்து பளபளத்த பின்னல். அது வந்துகொண்டே இருந்தது. நுனியில் சிவப்பு ரிப்பன் இன்னும் கட்டியிருந்தது. தரையில் போட்டபோது அது மெதுவாகச் சுருள் பிரிந்து அசைந்தது. கும்ஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யோன்சில் ஒளிச்சு வெச்சிருக்கா பாவம்" என்றேன்.

தோக்பே தலையை ஆட்டினார். "ஒளிச்சு வைக்கிறவ கை எட்டுற இடத்துல வைப்பா தங்கச்சி. இது தடி வெச்சு இடிச்சு இறக்கினது."

எனக்குக் கிச்சோலின் சவ ஊர்வலம் நினைவுக்கு வந்தது. குடிகாரனாக இருந்தும் கன்னம் மட்டும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்ததே என்று அன்று பெண்கள் பேசிக்கொண்டோம். கரிப்புகையில் செத்தவர்களுக்குத்தான் அப்படிச் சிவக்கும்.

மால்யோ மண்ணில் உட்கார்ந்தாள். "பார்த்தேன்" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலம் யோன்சில் முடியை அறுத்துட்டு வெறுங்கழுத்தோட நின்னு, துணி துவைக்குற தடியால இடிச்சுக்கிட்டு இருந்தா. நான் கிணத்தடியில நின்னு பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அன்னைக்குக் காலையில கிச்சோல் என் பல்லைப் பேத்திருந்தான்ப்பா. ராத்திரி அடுப்புக்குக் கரி வெச்சது நான்தான்."

இதைச் சொல்லிவிட்டு விரலிலிருந்த தங்க மோதிரத்தைக் கழற்றித் தோக்பேயிடம் நீட்டினாள்.

அவர் அதுவரை குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "செத்தவன் கணக்கை நீயும் அவளும் பார்த்துக்கோங்க. நான் போலீஸ்காரன் இல்ல. ஆனா இந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான்தான் வந்து கதவை உடைச்சிருப்பேன்! மோதிரத்தை உள்ள வை. முந்நூறு வோன் எடு. அவகிட்ட வாங்கமாட்டேன், நீ குடு."

அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் காசை எடுத்துவந்தாள். அதை வாங்கிக்கொண்டு தோக்பே இறங்கிப்போனார். குன்று முடியும்வரை தாளத்தைத் தட்டவில்லை.

நாங்கள் மூவரும் யாரிடமும் சொல்லவில்லை. கும்ஜா ஆலை விடுதிக்கு மாறி, ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். அந்தப் பெண்ணைப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை என்றாள். மால்யோ பின்னலைக் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள். தன் படுக்கையை அந்த அறைக்கே மாற்றிக்கொண்டாள்.

அடுத்த அக்டோபரில் தோக்பே யாரும் கூப்பிடாமலே முதலில் மேல்வீட்டுக்குத்தான் ஏறினார். கோடையில் குன்சான் பக்கம் வேலைக்குப் போயிருந்தாராம்.

"உன் மருமகளைப் பார்த்தேன். சந்தையில கருவாடு விக்குறா. நல்லா இருக்கா."

மால்யோ அவர் முகத்தையே பார்த்தாள். "உசுரோடவா?"

"உசுரோடதான். எங்கிட்ட ரெண்டு கருவாடு வித்தா. முடியைக் குட்டையா வெட்டியிருக்கா."

"அப்போ..." என்று மால்யோ அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "தினம் மத்தியானம் என் மூலையில உட்கார்ந்து தலை வாருறது யாருப்பா?"

தோக்பே பின்புறம் போய்க் குழாயில் காதை வைத்தார். மூங்கிலை அடிவரை இறக்கி இழுத்தார். தூரிகையில் கொஞ்சம் சாம்பல்தான் வந்தது. மறுபடி இறக்கினார். மூன்றாவது முறையும் இறக்கினார். குழாயில் எங்கும் அடைப்பு தட்டவில்லை. பகல் சாப்பாட்டு நேரமாகியிருந்தது. மால்யோ உள்ளே போய்ப் பாயை விரித்து, தனக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்துக்கொண்டாள்.