நான் கடந்த ஏரி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, எனக்குச் சாவு கிடையாது என்று உறுதியாக நம்பினேன். மற்றவர்களுக்கு உண்டு, டிவியில்தான் தினமும் காட்டுகிறார்களே. அவர்கள் யாரும் நான் இல்லை, அவ்வளவுதான். ஓடும் பைக்கின் பின்னால் நின்றபடி வந்திருக்கிறேன், சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த வருடம் ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பித் தளும்பியது. எதிர்க்கரைக்கு அப்பால் இருந்த தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கூரைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. பெரிய பையன்கள் சிலர் ஏரியை நீந்திக் கடந்த கதையை அத்தை மகன் அளந்துகொண்டிருந்தான். தான் பாதியிலேயே திரும்பிவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

“பொண்ணுங்களால ஆவாது. தண்ணி இஸ்துக்கினு பூடும்” என்றான்.

“உன்ன இஸ்துக்கினு போவும். என்ன இன்னாத்துக்கு?” என்று துப்பட்டாவை அவன்மேல் எறிந்துவிட்டு இறங்கினேன்.

முதல் பாதி விளையாட்டாகப் போனது. நடு ஏரியில் வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை முங்கித் தண்ணீர் குடித்தேன். பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் கால் என் பேச்சைக் கேட்காமல் போவதா? அதை அப்படியே விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வீசினேன். தோள்கள் எரிந்தன. கடைசியில் சேறு காலில் தட்டுப்பட்டபோது நான் போட்ட கூச்சலில், கரையில் மேய்ந்த எருமைகள் நிமிர்ந்து பார்த்தன.

திரும்பினால், எனக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் அம்மாவின் தலை. வேலை முடிந்து வந்த கம்பெனி வேன் அவளை ஊர்ப்பக்க ஏரிக்கரையில் இறக்கிவிட்டிருக்கிறது. புடவைமேல் போட்டிருந்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள்.

அடி விழும் என்று நினைத்தேன். “கால் புட்ச்சிக்கிச்சா?” என்றுதான் கேட்டாள்.

“ஏம்மா என்ன கூப்புடல?”

“கூப்ட்டா நின்னுடுவ. நல்லாத்தான போய்க்கினு இருந்த.”

“உன்னயும் ஜெயிச்சிட்டேன் பாத்தியா!”

“ஆமாண்டி, ஜெயிச்சிட்ட” என்றாள் மூச்சு வாங்கியபடி.

நான் பாதி தூரம் போனபிறகு இறங்கியவள் எப்படி அவ்வளவு கிட்டே வந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரையைச் சுற்றி நடந்தோம். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் என் வெற்றியைச் சொன்னேன். அத்தை மகன் துப்பட்டாவை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தான். ஏரியை அன்றைக்கு என் பேரில் எழுதி வாங்கிக்கொண்டதுபோல் நடந்தேன்.

வீடுவரைக்கும் அம்மா என் ஈரச் சடையை இறுகப் பிடித்தபடியே வந்தாள். தண்ணீரைப் பிழிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.