நாலு பேரிடம் கொடுத்த பன்னிரண்டு வார்த்தை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கூடங்கள் இருக்கும் தெருவில் எனக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. கேட்டுக் கேட்டும் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டதுதான். அப்படிக் கற்றதில் ஒன்று பிளாக்செயின். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து கட்டுகிற ஒரு நெட்வொர்க்குக்கு நான் தமிழாக்கம் செய்து கொடுக்கிறேன். அதற்கு முதலாளி இல்லை, அலுவலகம் இல்லை. ஒரே பதிவேட்டை ஊர் ஊராக எத்தனையோ கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றவை காட்டிக் கொடுத்துவிடும். இதைப் பக்கத்துப் பொம்மைக் கூடத்தில் ஒருநாள் விளக்கியபோது, வர்ணம் தீட்டுகிற அக்கா தூரிகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆபீசே கெடையாதுன்னா, தப்பு நடந்தா யாரண்ணே போயி திட்றது?"

நல்ல கேள்வி.

இந்த வருஷம் நெட்வொர்க்கின் புதுப் பதிப்பு வெளிவருவதாக இருந்தது. தமிழும் அதில் சேர வேண்டுமென்றால் பத்துப் பேர் சோதித்துக் காட்ட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதினார். ஆளுக்கொரு பெட்டியை, அதாவது பணப்பை மாதிரி ஒரு கணக்கை, போனில் உண்டாக்க வேண்டும். அப்போது பன்னிரண்டு தமிழ் வார்த்தைகள் வரும். அவைதான் சாவி. ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே வார்த்தைகளை அதே வரிசையில் போட்டுப் பெட்டியைத் திரும்பத் திறக்க வேண்டும். பத்தும் திறந்தால் தமிழ் உண்டு. ஒன்று குறைந்தாலும் அடுத்த பதிப்பில் பார்க்கலாம். அது எப்போது என்று கேட்டால் 'தயாரானதும்' என்பார்கள். நம் ஊர் 'நாளைக்கு வாங்க' மாதிரிதான்.

அந்த வார்த்தைகளைப் பொறுக்கியவன் நான். தவளை, வெல்லம், முறம், தூறல் என்று இரண்டாயிரத்துச் சொச்சம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது, யார் வாயிலும் எளிதாக நுழைய வேண்டும். இரண்டு வருஷம் அதிலேயே போயிற்று. அதனால் பத்தும் திறந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

ஒன்பது திறந்துவிட்டன. மங்கலம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் பஸ்ஸில் வரும்போதே திறந்து காட்டினார். பத்தாவது, நம் வர்ண அக்கா. கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம் கூடத்துக்குப் போனேன்.

"வார்த்தைங்க எங்கக்கா?"

"பத்தரமா இருக்குது. நாலு பேருகிட்ட மூணு மூணா குடுத்துட்டேன்."

"காயிதம்?"

"சூளையில போட்டுட்டேன். நீங்கதான யாருக்கும் முழுசா காட்டாதன்னீங்க? எனக்கே முழுசா தெரியாது. நல்லதுக்கும் நாலு பேரு வேணும், கெட்டதுக்கும் நாலு பேரு வேணும். ஒருத்தர நம்பினா ஆகுமா?"

நாலு பேரும் அதே கூடத்தில் வேலை செய்கிறவர்கள்தான். மூன்று பேர் சட்டென்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி போன் உறைக்குள் எழுதி வைத்திருந்தாள், இன்னொருத்தி அச்சின் முதுகில். மூன்றாமவள் மனப்பாடம். நாலாவது ஆள் பொம்மையைக் கிளேஸில், அதாவது மெருகுக் கரைசலில், முக்கி எடுக்கிற அக்கா. அங்கேதான் வந்தது வினை. இடைப்பட்ட ஒரு வாரத்தில் இரண்டு பேருக்கும் சண்டை. 'உன் கிளேஸு தடிப்புல பொம்மையெல்லாம் கண்ண மூடிக்கிட்டு நிக்குது' என்று இவர் சொல்ல, 'நீ வரையற கோணக் கண்ணுக்கு மூடிக்கறதே மேல்' என்று அவர் சொல்ல, முதுகு காட்டிச் சாப்பிடும் அளவுக்குப் போய்விட்டது.

நான் கிளேஸ் அக்காவிடம் போனேன். "மூணே வார்த்ததானக்கா, எங்கிட்ட சொல்லிடுங்க."

"குடுத்தது அவ. கேக்கறதும் அவளாதான் இருக்கணும். நடுவுல நீங்க யாருண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் ஆள் கூடாது என்பதுதான் எங்கள் நெட்வொர்க்கின் அடிப்படையே. அதைப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தவனிடமே அந்த அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வர்ண அக்காவோ, "அவகிட்ட போயி நான் நிக்கறதா? பொட்டியே தொறக்க வேணாம்" என்றார். "அக்கா, அது உங்க பொட்டி மட்டுமில்ல. ரெண்டு வருஷ வேல" என்றேன்.

அவர் தன் கையிலிருந்த பொம்மையைப் பார்த்துச் சொன்னார். "யாரோ எங்கிட்ட மூணு வார்த்த வாங்கி வச்சாங்க. நெனப்பு இருக்குதோ என்னமோ."

கிளேஸ் அக்கா தன் கரைசல் வாளியைப் பார்த்துப் பதில் சொன்னார். "நெனப்புக்கென்ன கொறச்சல்? தவள. சுண்ணாம்பு. ஏணி."

மற்ற ஒன்பதோடு சேர்த்து வர்ண அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினார். 'பொருந்தவில்லை' என்றது போன், நானே மொழிபெயர்த்த சொல்லில். மறுபடி தட்டினார். மறுபடி அதே.

"ஏய், நல்லா யோசிச்சி சொல்லுடி!" என்று சட்டென்று திரும்பிக் கத்தினார்.

கிளேஸ் அக்கா நிதானமாக நிமிர்ந்தார். "இப்ப என் மூஞ்சியப் பாத்து பேசற இல்ல? ஏணி, தவள, சுண்ணாம்பு. போடு."

"வேணும்னேதான் மாத்தி சொன்னியா?"

"பின்ன, வாளிகிட்டயேவா பேசிக்கிட்டு இருக்கறது?"

பெட்டி திறந்துகொண்டது. கூடமே கைதட்டியது. அச்சு வார்க்கிறவர்கள்கூட எழுந்து வந்து, உள்ளே ஒன்றுமே இல்லாத அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நடந்ததை நடந்தபடியே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி அனுப்பினேன், சண்டை உட்பட. மூன்றாம் நாள் பதில் வந்தது. தமிழ் சேர்ந்துவிட்டது. சாவியைப் பலரிடம் பிரித்து வைக்கும் முறையை அவர்களும் அடுத்த பதிப்புக்காக யோசித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த அம்மா ஏதாவது யோசனை சொல்வாரா என்று கேட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே தூக்கிலிருந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சண்ட போடாதவங்களாப் பாத்து குடுக்கச் சொல்லுங்கண்ணே" என்றார் வர்ண அக்கா.

"அப்பிடி யாருடி இருக்கறா?" என்றார் கிளேஸ் அக்கா. "சண்ட போட்டாலும் மறக்காதவங்களாப் பாத்து குடுக்கச் சொல்லுங்க."

அதையே எழுதி அனுப்பினேன்.