குடில் படத்து இடையன்

“இவர் எந்தப் புனிதர், பிள்ளை?” என்று றோஸ்மேரி அன்ரி கேட்டார்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபத்துச் சமையலறை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்கள் பற்றிய என் பிரெஞ்சுப் பாடப்புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது.

“புனிதர் இல்லை அன்ரி. பிளோரன்ஸ் நகரத்து வியாபாரி. காசு குடுத்துப் படத்தைக் கீறுவிச்சவர்.”

“பாலன் யேசுவுக்குப் பக்கத்திலையோ? எங்கட கோயில் கமிற்றிக்காரர் பரவாயில்லை. சுவரிலை பேர் எழுதுறதோட நிண்டிட்டினம்.”

அந்த ஓவியர்கள் தங்கள் அயலவரைப் பார்த்துத்தான் இடையர்களையும் அரசர்களையும் வரைந்தார்கள் என்றேன். சாதாரண மனித முகத்தையும் கவனித்துப் பார்க்கத் தொடங்கிய காலம் அது.

“செத்த ஆக்களையும் கீறினவையோ?”

“ஓம். உயிரோட இருந்தவையோட சேர்த்து.”

“இதிலை ஆர் செத்தவை?”

“பாத்துச் சொல்லேலாது அன்ரி.”

அவர் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்ரியின் ஊர் மன்னார். 1990இல் அவருடைய கணவர் அருமைநாதன் மீன் விற்கப் போன வழியில், சோதனைச் சாவடியில் வாகனத்திலிருந்து இறக்கப்பட்டார். அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை. அன்ரி மொன்றியலுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். மச்சாள் திரேசம்மா தன் தமையன் அருமைநாதனின் பெயரையும் கொடுத்துவிடுவார். அது வாசிக்கப்படும்போது அன்ரி எழுந்து வெளியே போய்விடுவார். இதனாலேயே இருவருக்கும் பேச்சு இல்லை.

2006இல், பாலன் யேசு பிறந்த காட்சியாக வைக்கும் நத்தார் குடிலுக்குப் பின்னால் கட்டப் பெரிய துணிப்படம் வேண்டுமென்று கமிற்றி தீர்மானித்தது. கடைப் பலகைகள் எழுதும் றெனோல்ட் அண்ணை வரைவதாக ஏற்பாடு. துணியும் வர்ணமும் தன் செலவு என்றார் அன்ரி. ஓர் இடையனுக்குத் தன் கணவரின் முகம் வேண்டும் என்றும் கேட்டார்.

கமிற்றித் தலைவர் ஜெனாட் அண்ணை சம்மதிக்கவில்லை. “நாளைக்கு எல்லாரும் தங்கட மனுசன்மாரைக் கீறச் சொன்னா, பாலனுக்கு எங்கை இடம்?”

“மாட்டை எடுத்துவிடுங்கோ,” என்றார் அன்ரி.

கூட்டம் சிரித்தது. ஜெனாட் அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்ரி கேட்டுக்கொண்டபடி நான் புத்தகத்தைக் காட்டினேன். பக்தி மிகுந்த பிளோரன்ஸிலும் கோயில் படங்களில் ஊரார் நின்றார்கள் என்று மட்டும் சொன்னேன். ஜெனாட் அண்ணை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, கீறட்டும்,” என்றார்.

றெனோல்ட் அண்ணை அன்ரியின் கலியாணப் படத்தைப் பார்த்து வரைந்தார். முழங்காலில் நின்ற இடையனுக்கு அதே அகன்ற நெற்றி, அதே பாதிச் சிரிப்பு. குடிலை ஆசீர்வதித்து மந்திரிக்கும் நாளில்தான் படத்தைத் தொங்கவிட்டார்கள். இடையனின் காலடியில் அழகான எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘காலஞ்சென்ற அருமைநாதன் ஞாபகார்த்தமாக’. அப்படி எழுதும்படி யாரும் றெனோல்ட் அண்ணையிடம் சொல்லவில்லை. கோயிலுக்கு யார் கதிரை கொடுத்தாலும் மணி கொடுத்தாலும் அவர் எழுதும் வாசகம் அது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

திரேசம்மா அந்த வரியைத் தொட்டு முத்தமிட்டு அழுதார். அன்ரி பூசை முடியும்வரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வெளியே போகவும் இல்லை.

சனம் கலைந்தபின் என் கையைப் பிடித்தார்.

“றெனோல்ட்டை நான் ஏசமாட்டன். ஆசையாத்தான் எழுதியிருக்கிறான். நீ ஒருக்கா அவனிட்டைச் சொல்லு பிள்ளை, அந்த எழுத்துக்கு மேலை கொஞ்சம் புல்லுக் கீறிவிடச் சொல்லி.”